"இங்கிலீஷ் பிடிக்கும், இங்கிலீஷ் பீரியடுதான் பிடிக்காது": தொடக்கப் பள்ளி ஆங்கிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 28 வருடம் வகுப்பெடுத்தவள் நான். இப்போது ஓய்வு. ஆனாலும் சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பிள்ளைகள் பையோடு திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அழைத்துப் போக வரும் அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் போனில் கேட்பதும் அவையேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்களில் பாதி என்னுடையது இல்லை, பிள்ளைகள் சொன்னது. கணக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. பேசினேன், கேட்டேன், மறக்காமல் இருக்க நோட்டில் குறித்து வைத்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பிடிக்கிறதா, இல்லையா?

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் கேட்டால் கையைத் தூக்கிக்கொண்டு "பிடிக்கும்" என்று கத்துவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் என்றால் பாட்டு, கைதட்டல், பொம்மை, எழுந்து நின்று ஆடுவது. மூன்றாம் வகுப்பில் டிக்டேஷன் வருகிறது. பார்த்து எழுதியது போய்ப் பார்க்காமல் எழுதுவது வருகிறது. குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ஐந்தாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "இங்கிலீஷ் பிடிக்கும் டீச்சர். இங்கிலீஷ் பீரியடுதான் பிடிக்காது." விசாரித்தேன். வீட்டில் தம்பியோடு கடை வைத்து விளையாடும்போது "ஒன் கேஜி டொமேட்டோ" என்று அவள்தான் வியாபாரம் பண்ணுகிறாளாம். வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் வயிறு வலிக்கிறதாம். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி அந்தப் பெண் சொன்னதிலேயே இருக்கிறது.

இவ்வளவு சின்னப் பிள்ளைகள் சொல்வதை நம்பலாமா?

நேராகக் கேட்டால் நம்பாதீர்கள். "டீச்சர் கேட்டா எல்லாம் பிடிக்கும்னுதான் சொல்லுவோம்" என்று ஒரு பையன் என்னிடமே சொன்னான். பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கும்போது, மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும்.

இரண்டு படம் வரையச் சொல்லுவேன். ஒன்று தமிழ் வகுப்பு, இன்னொன்று இங்கிலீஷ் வகுப்பு. ஒருமுறை ஒரு பிள்ளை வரைந்த தமிழ் வகுப்பில் எல்லாரும் ஒரே உயரம். இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர் கரும்பலகை உயரத்துக்கு நிற்கிறார், பிள்ளைகள் பெஞ்சுக்குக் கீழே புள்ளி புள்ளியாக இருக்கிறார்கள். அந்த டீச்சர் நான்தான். சேலைக் கரையை வைத்தே தெரிந்தது. இரண்டு பாடத்தையும் எடுத்தவளும் நானேதான்.

இன்னொரு வழி: "அடுத்த வருஷம் ஒன்னாப்புக்கு வர்ற உன் தம்பிக்கு நீயே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கணும்னா எப்படிச் சொல்லிக் கொடுப்பே?" என்று கேட்பது. வந்த பதில்களில் சில: "மொதல்ல திட்ட மாட்டேன்." "அர்த்தம் சொல்லிட்டுத்தான் எழுதச் சொல்லுவேன்." "ஆட்டைக் காட்டி ஆடு, மாட்டைக் காட்டி மாடு." "ஒருத்தனா நிக்க வெக்க மாட்டேன், ரெண்டு பேரா நிக்கச் சொல்லுவேன்." பி.எட். படித்தவர்கள் தேர்வில் பத்துப் பக்கம் எழுதுவதும் இதைத்தான்.

எது கடினம் என்கிறார்கள்?

எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவில் உள்ள தகராறுதான் முதல் புகார். தமிழில் 247 எழுத்து, இங்கிலீஷில் 26தான் என்றதும் ஆரம்பத்தில் பெரிய சந்தோஷம். அப்புறம்தான் தெரிகிறது, இந்த 26 எழுத்தை வைத்துக்கொண்டு 40க்கும் மேற்பட்ட ஒலிகளை ஓட்ட வேண்டும் என்று. 'ஏ' என்று ஒரே எழுத்து. பூனையில் ஒரு மாதிரி ஒலிக்கிறது, கேக்கில் ஒரு மாதிரி, காரில் ஒரு மாதிரி, விளையாடுகிற பாலில் இன்னொரு மாதிரி. "அது ஏன் டீச்சர் ஒரே பேர்ல நாலு வேஷம் போடுது?" என்றான் ஒருவன். நைஃப் என்று எழுத முதலில் 'கே' போட வேண்டும், ஆனால் வாசிக்கக் கூடாது. "பேசாத எழுத்தை எதுக்கு உக்கார வெச்சிருக்காங்க?" என்று அவன் கேட்டதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது: பழைய காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அந்தக் 'கே'யை உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சு மாறிவிட்டது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. சொன்னேன். "அப்ப மாத்த வேண்டியதுதானே?" என்றான். நியாயமான கேள்விதான்.

அடுத்தது நம் தமிழால் வரும் சிக்கல். தமிழில் 'ப' ஒரே எழுத்து. பல் என்னும்போது ஒரு ஒலி, கம்பு என்னும்போது இன்னொரு ஒலி. இடத்தைப் பார்த்து நாக்கு தானாக மாற்றிக்கொள்கிறது. நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆகவே பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. டிக்டேஷனில் பிள்ளை எதை எழுதுவான்? "ஒழுங்கா காதுல வாங்கு" என்று அதட்டினால் பயனில்லை. அந்த வேறுபாடு இன்னும் அவன் காதுக்குப் பழகவில்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பன்றிக்குக் காகிதம் ஆடும், பெரியதற்கு அவ்வளவாக ஆடாது. அரை மணி நேரம் இதையே விளையாடுவார்கள்.

ஃபேன் என்பதைப் பேன் என்று வாசித்துவிட்டுத் தாங்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "தலைக்கு மேல பேன் சுத்துது டீச்சர்!" மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து ஊதக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. புக்கு, பெஞ்சு, பஸ்ஸு என்று கடைசியில் ஒரு உகரம் சேர்வதும், ஸ்கூலுக்கு முன்னால் 'இ' ஒட்டிக்கொண்டு இஸ்கூல் ஆவதும் தமிழ் நாக்கின் பழக்கம். காலப்போக்கில் சரியாகும், அதற்காகப் பிள்ளையை நிற்க வைக்க வேண்டாம்.

வாக்கிய வரிசையைப் பற்றிப் பிள்ளைகள் யாரும் புகார் சொன்னதில்லை. ஆனால் தடுமாறுவது அதில்தான். "நான் மாம்பழம் சாப்பிட்டேன்" என்பது அங்கே "நான் சாப்பிட்டேன் மாம்பழம்" ஆகிறது. ஒரு சின்னப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "எங்க தாத்தா பல்லு விழுந்தப்புறம் இப்படித்தான் பேசுறாரு" என்றான்.

டீச்சரையே 'யூ' என்று சொல்லலாமா?

இது பிள்ளைகள் கேட்பது. நீ, நீங்கள் இரண்டுக்கும் அங்கே 'யூ'தான் என்று சொன்ன அன்றைக்கு வகுப்பே அமர்க்களமாகிவிடும். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து ஒரு முறை 'யூ' சொல்லிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாருக்கும் ஒரே சொல் என்று தெரிந்ததும் அந்த மொழியின் மேல் லேசான இளக்காரம் வந்துவிடும். "அப்ப அவங்க ஊர்ல யாரு முறை மாமான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். காது குத்துக்கு யார் மடியில் உட்கார வைப்பது என்பது அவளுடைய கவலை.

என் பிள்ளை வீட்டில் பேசுகிறான், வெளியே வாயே திறப்பதில்லை. ஏன் இந்தப் பயம்?

சிரிப்புதான் காரணம். பிள்ளைகளிடம் கேட்ட வரைக்கும், பரீட்சை மார்க், வீட்டுப்பாடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. தமிழில் தப்பாக வாசித்தால் யாரும் சிரிப்பதில்லை, இங்கிலீஷில் வாசித்தால் சிரிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் படித்த காலத்தில் மூன்றாம் வகுப்பில்தான் ஏபிசிடி. ஆறாம் வகுப்பில் ஒரு பாடத்தில் ஐலண்ட் என்ற சொல் வந்தது. எழுத்தைக் கூட்டி 'இஸ்லாண்டு' என்று வாசித்தேன். வகுப்பு சிரித்தது, பரவாயில்லை. வாத்தியாரும் சிரித்தார். ஒரு மாதம் என் பெயரே இஸ்லாண்டு. அதன் பிறகு கல்லூரி போகும்வரை நான் இங்கிலீஷில் தானாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பில் நின்ற முதல் வாரமும் அந்தச் சொல் வரும் பக்கத்தைப் புரட்டும்போது கை நடுங்கியது. எழுத்தை நம்பி வாசித்தேன். அது ஒரு குற்றமா?

இன்னொரு இடம் கல்யாண வீடு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்திருக்கும் மாமா பிள்ளையைக் கூப்பிட்டு, "எங்க, இங்கிலீஷ்ல ஏதாவது பேசு பாப்போம்" என்பார். பிள்ளை தன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லும். "அவ்வளவுதானா?" என்பார் மாமா. இந்த 'அவ்வளவுதானா' பற்றி என்னிடம் அழுதுகொண்டே சொன்ன பிள்ளைகள் உண்டு. தயவுசெய்து பந்தியில் வைத்துப் பரீட்சை நடத்தாதீர்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கைதான். அரசுப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டு ஊர் ஊராகப் பரவின. மஞ்சள் வேனில் ஏறி டவுனில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நிறுத்தி வைக்க வேறு வழி தெரியவில்லை என்பதும் உண்மை.

நடைமுறையில் எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே பாய். இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் கையில் தமிழ்ப் புத்தகம், அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் கையில் இங்கிலீஷ் புத்தகம். "எங்களுக்குப் புத்தகம் மட்டும்தான் டீச்சர் இங்கிலீஷ், பாடம் தமிழ்லதான்" என்றான் ஆங்கில வழிப் பையன் ஒருவன். தமிழ் வழிப் பெண் பக்கத்திலிருந்து, "அவனுக்கு நான்தான் கதை சொல்லுவேன், அவன் எனக்கு ஸ்பெல்லிங் சொல்லுவான்" என்றாள். அந்த ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அறிவியலில் இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்ற பாடத்தை அதே பையன் இங்கிலீஷில் மனப்பாடமாகச் சொன்னான், ஒரு எழுத்து பிசகவில்லை. "இலைக்கு எதுக்குடா வெயில்?" என்றேன். விழித்தான். அவன் அப்பா வயல்காரர். நாற்றங்கால் ஏன் மர நிழலில் போடக்கூடாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பாடத்தில் படித்ததும் அதுவேதான் என்பது தெரியவில்லை.

இங்கிலீஷைக் கற்பது ஒன்று, இங்கிலீஷில் கற்பது வேறொன்று. முதலாவதை எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், காதும் நாக்கும் இளசாக இருக்கும்போதே ஆரம்பிப்பது உச்சரிப்புக்கு நல்லது. இரண்டாவதற்கு ஒரு அஸ்திவாரம் வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் பயிற்று மொழி கூடியவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தொடக்கப் பள்ளிவரை தமிழ் வழி, கூடவே நல்ல இங்கிலீஷ் வகுப்பு என்பதே என் கட்சி. என் மகளையும் அப்படித்தான் படிக்க வைத்தேன். நீங்கள் ஆங்கில வழியில் சேர்த்துவிட்டீர்கள் என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ராத்திரி படுக்கும்போது இன்றைக்குப் படித்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.

பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிறார்கள். அது நல்லதுதானே?

நல்லதில்லை. வேனில் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதி வருடத்தில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். காரணம் கேட்டபோது அவன் அம்மா சொல்லத் தயங்கினார், அவனே சொன்னான். ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதை இங்கிலீஷில் கேட்டால்தான் அனுப்புவார்களாம். வாக்கியம் நீளம், பாதியில் மறந்துவிட்டது, கால்சட்டையிலேயே போய்விட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். ஐந்து வயதுப் பிள்ளை. எந்தப் பள்ளி என்று எழுதுவதில் பயனில்லை, அந்த ஒரு பள்ளியோடு முடிகிற விஷயமும் இல்லை.

எங்களிடம் வந்து ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, "டீச்சர், மே ஐ கோ?" என்று கதவுப் பக்கம் நின்று சிரித்தான். போகத் தேவையில்லை, சும்மா சொல்லிப் பார்த்தான்.

'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் பாட்டு, பொம்மை, அட்டை, கதை என்று போகும். 2007இல் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளில் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது ரொம்பப் புதிது இல்லை.

பிள்ளைகளுக்குப் பொம்மை பிடிக்கிறது. கைவிரலில் மாட்டும் பொம்மை பேசும்போது தப்பு வந்தால் அது பொம்மையின் தப்பு, தன்னுடைய தப்பு இல்லை. கூச்சம் உள்ள பிள்ளைகள் பொம்மையை மாட்டிக்கொண்டால் இங்கிலீஷில் சண்டையே போடுகிறார்கள்.

பிடிக்காதது ஒன்று. நிலைக்கு ஏற்றபடி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். பெயர் என்னவோ அழகுதான். ஆனால் யார் எந்தக் கூட்டம் என்பது ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்கு அத்துப்படி. "நான் இன்னும் அரும்புதான் டீச்சர், பூக்கவே இல்ல" என்று ஒரு பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாது. எப்படி உதவுவது?

தெரியாது என்பதுதான் உங்கள் பலம். பிள்ளையை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு டீச்சராக இருப்பதைவிடப் பெரிய பதவி எட்டு வயதில் கிடையாது. நடவுக்குப் போய்விட்டு வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, "இன்னைக்கு எனக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக் குடு" என்று கேட்டால் போதும். தப்பாகச் சொன்னாலும் சொல்லட்டும்.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்று சொல்லாதீர்கள். பிஸ்கட் உறை, சோப்புப் பெட்டி, யூரியா மூட்டை, விதை நெல் பை, எல்லாவற்றிலும் இங்கிலீஷ் அச்சடித்திருக்கிறது. நீடாமங்கலம் ஸ்டேஷன் போர்டில் ஊர்ப் பெயர் தமிழிலும் இருக்கிறது, இங்கிலீஷிலும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பூச்சிமருந்து டப்பாவில் மட்டும் வேண்டாம். அதில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் அளவைக் காட்டுகின்றன என்று தூரத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

இன்னொரு விளையாட்டு: ஒரு நாள் முழுக்க வீட்டில் எத்தனை இங்கிலீஷ் சொல் பேசினோம் என்று கோடு போடச் சொல்வது. பஸ், மோட்டார், சுவிட்ச், டிராக்டர், பக்கெட், கேஸ், சார்ஜர், லோன் என்று பாட்டியே முப்பது சொல்லைத் தாண்டிவிடுவார். ஒரு பையன் ஓடி வந்து, "டிபிசின்னா டி, பி, சி மூணும் இங்கிலீஷ் எழுத்து டீச்சர்!" என்றான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எங்கள் ஊரில் எல்லாரும் டிபிசி என்றுதான் சொல்வோம். அவன் அப்பா நான்கு நாளாக அங்கே மூட்டையோடு காவல் கிடந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன சொல் என்று எழுதிக்கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் காட்டப் போனான்.

யூடியூப் பார்த்தால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

பாட்டு வரும், உச்சரிப்பு கொஞ்சம் வரும், வாட்டர் 'வாடர்' ஆகும். பேச்சு வராது. பதில் சொன்னால் திருப்பிப் பேச அங்கே ஆள் இல்லையே. ஒரு வீடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தக் குரங்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டால் அரை மணி நேரப் போனுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

எங்கள் ஊர்ச் சொல்லுக்கெல்லாம் இங்கிலீஷில் சொல் இருக்கிறதா?

பிள்ளைகள் ரொம்ப ஆசையாகக் கேட்கும் கேள்வி இது. புத்தகத்தில் ஆப்பிள் இருக்கும், பனிமனிதன் இருப்பான், எங்கள் வாய்க்கால் இருக்காது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை, ஜூனில் மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு நடக்கும் நாட்களில், வகுப்பை வரப்புக்கே கூட்டிப் போய்விடுவேன். மண்வெட்டி, ஏர், நாற்று, சேறு, கொக்கு, நண்டு, தவளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். கொக்கும் நண்டும் தவளையும் எளிது. நெல் பருவங்களான குறுவைக்கும் தாளடிக்கும் என்ன சொல்வது? அப்படியே குறுவை, தாளடி என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதினோம். "நம்ம சொல்லையே அவங்க எழுத்துல எழுதினா அது இங்கிலீஷ் ஆயிடுமா?" என்றது ஒரு வாண்டு.

நெல் விஷயத்தில்தான் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். நமக்கு வயலில் நின்றால் நெல், குத்தினால் அரிசி, வடித்தால் சோறு. அங்கே அரிசியும் 'ரைஸ்', சோறும் 'ரைஸ்'. "அப்ப பசிக்குது ரைஸ் குடுன்னா அரிசியைக் குடுத்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கட்டுமரம் கதையைச் சொல்வேன். நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் கடலில் பார்க்கும் கட்டுமரம்தான் இங்கிலீஷில் 'கட்டமரான்' ஆனது. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத் தண்ணி 'மல்லிகட்டானி' என்று அங்கே ஒரு சூப்பாகவே ஆகிவிட்டது. இதைக் கேட்ட நாளில் பிள்ளைகள் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். கடன் கொடுத்தவன் தெருவில் நடப்பது மாதிரி.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு 'பிரேக்ஃபாஸ்ட்' என்ற சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் டெல்டாவில் திருக்குவளைப் பள்ளியில் தொடங்கித்தான் அது மாநிலம் முழுக்க விரிந்தது. கிச்சடிக்கு இங்கிலீஷ் என்ன என்று ஒருவன் கேட்டான். கிச்சடிதான் என்றேன். "அப்ப எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நம் மண்ணுக்கும் இங்கிலீஷுக்கும் பழைய தொடர்பு ஏதும் உண்டா?

நிறைய. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் சிறு வயதில் பாடம் கேட்டு இங்கிலீஷ் கற்றவர். வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரின் இங்கிலீஷ் பேச்சை வெள்ளைக்காரர்களே வாயைப் பிளந்து கேட்டார்கள், 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்றார்கள். வலங்கைமான் பாடைகட்டித் திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ராமானுஜனுடையது. கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் ஆளாக வந்தவர், 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து இங்கிலீஷில் ஃபெயிலானார், உதவித்தொகை போயிற்று. "ராமானுஜனே ஃபெயிலா?" என்று வகுப்பில் ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள். அதே ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார் என்று முடிப்பேன். ஒரு பிள்ளை உடனே, "ஃபெயிலானவரு எப்படி லெட்டர் எழுதினாரு?" என்றது. பதிலும் அந்த வகுப்பிலிருந்தே வந்தது: "சொல்றதுக்கு அவர்கிட்ட ஏதோ இருந்துச்சுல்ல."

தப்பை எப்போது திருத்துவது?

பேசும்போது வேண்டாம். பேசி முடித்த பிறகு நீங்கள் சரியாக ஒருமுறை திருப்பிச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தில், ஒரு பக்கத்துக்கு இரண்டு தப்புக்கு மேல் சுழிக்காதீர்கள். சிவப்பு மையைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வது: "நோட்டுக்கு அடிபட்ட மாதிரி இருக்கு."

எத்தனை மாதத்தில் பேசுவார்கள்?

தாய்மொழியையே ஒரு வருடம் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் கேட்கும் மொழிக்கு மாதக் கணக்கு வைக்காதீர்கள். பேசாத பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. "கதவை மூடு" என்று இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், எழுந்து போய் மூடினால் போதும்.

இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்கும் டிக்டேஷன் உண்டா?

இதைக் கேட்டவன் மூன்றாம் வகுப்பு, கடைசி வரிசை. உண்டு என்றேன். அந்த நாட்டில் பேச்சு வீட்டிலேயே வந்துவிடும், எழுத்து வராது. பேசாத 'கே' அவர்களுக்கும் பேசாத 'கே'தான். இங்கிலாந்தில் ஐந்து, ஆறு வயதிலேயே எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்துப் பார்க்கிறார்கள், 2012லிருந்து இது நடக்கிறது என்றும் சொன்னேன். கண்ணை அகலமாக விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பு போட்டா அடிப்பாங்களா?"

"அங்கயும் அடிக்கக் கூடாது, இங்கயும் அடிக்கக் கூடாது. சட்டமே இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அவங்க பொறந்ததுலேர்ந்து இங்கிலீஷ் பேசியும் தப்பு போடுறாங்களா டீச்சர்?"

"போடுறாங்க."

அன்றைக்கு டிக்டேஷனில் பத்துக்கு ஆறு தப்பு. நோட்டை மூடி மறைக்காமல் விரித்தபடியே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.